அண்ணி வாசலில் நின்ற காலை

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். அது பகல் முழுக்க அண்ணன் நெஞ்சின் மேல்தான் கிடக்கிறது. நீங்கள் சமையலறைக்குள் போய் நின்று பேசினாலும் கட்டிலுக்குக் கேட்கும். அதனால்தான் உங்கள் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். கூரியர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கே கூரியரில் கடிதம்! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

இதோடு வரும் பென் டிரைவில் படத்தின் முதல் வடிவம் இருக்கிறது. உங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கி எடுத்ததையெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் அடக்கியிருக்கிறோம். அடக்கியவர் என் எடிட்டர். நாங்கள் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கொடுத்தாலும் பாதியாக்கித்தான் திருப்பித் தருவார்.

லிப்ட் பழுதுபார்க்கும் ஒருவர் லிப்ட் குழிக்குள் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன பிறகு அந்த வீடு எப்படி நடக்கிறது என்று காட்டப்போவதாகச் சேனலுக்குச் சொல்லியிருந்தேன். சேனல்காரருக்குப் பிடித்திருந்தது. ஆனால், “பின்னணிக் குரல் வேணும்மா. பாக்கறவங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லணும். இல்லேன்னா ரிமோட்டைத் தேடுவாங்க” என்றார். அதனால் நானே எழுதி, நல்ல கனமான குரல் உள்ள ஒருவரைப் படிக்க வைத்தேன்.

அண்ணன் சரி சொல்லிவிட்டார். நீங்களும் சரி என்றால்தான் படம் வெளியே போகும். பார்த்துவிட்டு எழுதுங்கள். மனதில் பட்டதை எழுதுங்கள்.

வாலு

பிப்ரவரி 17

அன்புள்ள வாலு,

பார்த்தேன். சாப்பாட்டு வேளையில் மேனேஜர் அறைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பாதியிலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து அவரிடம் ஒரு பார்சல் விஷயம்கூடப் பேச முடியவில்லை. என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யார் அந்த ஆள்? என் வீட்டுக்குள் எப்போது வந்தார்? நான் துணி பிழிகிறேன், அவர் பேசுகிறார். நான் அடுப்பை அணைக்கிறேன், அப்போதும் பேசுகிறார். “தன்னையே திரியாக்கி எரிகிறாள் இந்தப் பெண்” என்கிறார். திரியாக எரிய எனக்கு நேரம் ஏது? காலையில் சிறுநீர்ப் பையை மாற்றி, முதுகு துடைத்து, எங்காவது புண் வருகிறதா என்று தடவிப் பார்த்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை சொருகிவிட்டு ஓடினால்தான் பஸ் கிடைக்கும். “மழலைச் சிரிப்பு கேட்காத அந்த வீட்டில்” என்று ஓர் இடத்தில் வருகிறது. அங்கே ஒரு வயலின் வேறு. குழந்தை இல்லையே என்று நான் வயலின் வாசித்துக்கொண்டா இருக்கிறேன்?

இதையெல்லாம் நீயா எழுதினாய்? என் முகத்தைப் பார்த்து நீ ஒருநாளும் இப்படிப் பேசியதில்லையே. நேரில் “அண்ணி, ரொம்ப டயர்டா இருக்கீங்க, உக்காருங்க” என்பாய். அது நன்றாக இருக்கும். உட்கார மாட்டேன், ஆனால் நன்றாக இருக்கும்.

அந்தக் குரலை எடுத்துவிடு. வயலினையும். அதன்பிறகு படத்தில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியாது. அது உன் பாடு.

உன் அண்ணனுக்கு இடுப்புக்கு மேலே, புண் வரப்போகிற மாதிரி புதிதாக ஒரு சிவப்பு தெரிகிறது. அதைப் பார்த்தால் டாக்டர் என்னைத்தான் திட்டுவார்.

அண்ணி

பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கத்திரிக்குப் படித்துக் காட்டினேன். வயலின் வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “நான் அன்னிக்கே சொன்னேன்ல?” என்றார். அன்றைக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இப்போது சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த எழுத்தை மட்டும் தனியாக எடுத்துப் படித்தேன். கூசிப் போனேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்தது இப்படிப்பட்ட படம் எடுக்க இல்லை அண்ணி. இது பார்ப்பவரின் கையைப் பிடித்து இழுத்துப் போகிற வகை. இங்கே அழு, இங்கே வியந்து போ என்று சொல்லிக்கொண்டே வரும். வயிற்றுப்பாட்டுக்காக அதையே செய்து செய்து கை பழகிவிட்டது.

இன்னொரு வகை இருக்கிறது. அதில் குரல் கிடையாது, இசை கிடையாது, கேள்வியும் கிடையாது. யாரையும் இப்படித் திரும்பு, அப்படி நில் என்று சொல்லக் கூடாது. ஒரு மூலையில் உட்கார்ந்து, நடப்பதை நடக்கிறபடி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சில நாளில் வீட்டில் உள்ளவர்கள் நம்மை மறந்துவிடுவார்கள். படிக்கும்போது அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான், இனி இதுதான் என் வேலை என்று முடிவு செய்தேன்.

மார்ச்சில் திரும்ப வருகிறேன். சுவரில் பல்லி மாதிரி இருப்பேன். என்னோடு பேச வேண்டாம், என்னைப் பார்க்க வேண்டாம், டீகூடத் தர வேண்டாம். வரட்டுமா?

வாலு

மார்ச் 30

நாத்தனார் அம்மாவுக்கு,

நீ சொல்லாமல் கிளம்பிப் போனதை மாடி வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் அன்றைக்குப் பேசிய வார்த்தை அதிகம்தான். அதைத் திரும்ப எழுத மாட்டேன். திரும்ப வாங்கிக்கொள்ளவும் மாட்டேன்.

நீ ஒருமுறை யோசித்துப் பார். கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே போடும் பலகை நழுவுகிறது. உன் அண்ணன் அந்தரத்தில் தொங்குகிறார். அவர் அக்குளில் கை கொடுத்துப் பிடித்திருக்கிறேன், என் முட்டி மடங்குகிறது. “வாலு” என்று கூப்பிடுகிறேன். நீ நாலடி தூரத்தில் இருக்கிறாய். உன் கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறது. மறுபடியும் கூப்பிடுகிறேன். கடைசியில் நானே அவரை என் தொடைமேல் சரித்து, தரையில் இறக்கி உட்காரவைத்தேன். மாடி வீட்டுக்காரர் வந்துதான் தூக்கினார். அப்போதும் நீ எடுத்துக்கொண்டிருந்தாய். கேட்டதற்கு, “நான் தொட்டிருந்தா அது நடந்ததா இருக்காது அண்ணி” என்றாய்.

படித்தவள், உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது, பல்லிகூடத் தலைமேல் விழுந்தால் துள்ளி ஓடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். வீட்டில் உள்ளவர்கள் உன்னை மறந்துவிடுவார்கள் என்று எழுதினாயே, நான் மறந்தேன். எனக்கு இருக்கிற வேலையில் என்னையே மறந்துவிடுவேன். உன் அண்ணன் ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை. நீ கேமராப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டால் தலையைக் கோதிக்கொள்வார். டீயைக் கொடுத்தால் “தேங்க்ஸ்மா” என்பார். அந்தச் சொல்லை நான் அவர் வாயிலிருந்து கேட்டது உன் கேமரா முன்னால்தான். நீ போன மறுநாள் அதே டம்ளரில் அதே டீ கொடுத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறிப்போனதைக் கொட்டினேன்.

குறுக்கே வராமல் பார்க்கிறேன் என்றாய். நீ மூலையில் உட்கார்ந்ததுமே வீடு மாறிவிட்டது. நீ எடுத்தது விருந்தாளி வந்திருக்கும் வீட்டை.

அண்ணி

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

அந்தக் காட்சியைக் கத்திரியோடு உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் இரண்டாவது முறை கூப்பிடும் இடத்தில் நிறுத்தினார்.

“நீ எங்க இருந்த?”

“கேமராவுக்குப் பின்னாடி.”

“அது தெரியுது” என்றார். எழுந்து டீ குடிக்கப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. குறுக்கிடக் கூடாது என்பதை அத்தனை வருடம் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தேன். அது அன்றைக்கு என் கையைக் கட்டிப்போட்டது. கட்டிப்போட்டது என்பதும் சாக்குதான். படம் நன்றாக வருகிறது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன் அண்ணி. அதுதான் உண்மை.

இந்த நேரத்தில் உங்களிடம் ஒன்று கேட்க வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். சேனல்காரர் இந்த வடிவத்தைப் பார்த்தார். “ஒண்ணுமே நடக்கலையே” என்றார். விபத்து நடந்த நாளைத் திரும்ப நடித்துக் காட்டும் பகுதி ஒன்று வேண்டும் என்கிறார். நடிப்பு என்று பார்ப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரிவித்துவிட்டால் அது பொய்யாகாது. நல்ல படங்களிலும் அப்படிச் செய்திருக்கிறார்கள். நேற்று அண்ணனிடம் போனில் அன்று காலை என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“அவ வாசல் வரைக்கும் வந்தா. டிபன் பாக்ஸை மறந்துட்டேன்னு படி இறங்கி ஓடி வந்து குடுத்தா. தெருமுனையில திரும்பிப் பாத்தேன். நின்னுக்கிட்டே இருந்தா.”

அண்ணன் இவ்வளவு நீளமாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு காட்சி போதும். நீங்கள் நீங்களாகவே வாசலில் நிற்க வேண்டும். அண்ணனுக்குப் பதில் வேறு ஒருவர் முதுகு காட்டி நடந்து போவார். அரைநாள் வேலைதான். அன்று உடுத்தியிருந்த உடை இருந்தால் அதையே உடுத்திக்கொள்ளலாம்.

வாலு

ஏப்ரல் 20

வாலு,

முடியாது.

ஏன் என்று கேட்டு போன் செய்யாதே. போன் யார் கையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

அண்ணி

ஏப்ரல் 23

வாலு,

முடியாது என்று எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன். இருக்க முடியவில்லை. ‘தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன், நின்றுகொண்டே இருந்தாள்’ என்ற அந்தச் சொல்லோடு மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன்.

அன்று காலை நான் வாசலில் நிற்கவில்லை. டிபன் பாக்ஸ் கொடுக்கவில்லை. நான் அந்த வீட்டிலேயே இல்லை. அந்த ஊரிலேயே இல்லை.

எங்கள் கூரியர் கம்பெனியின் இன்னொரு கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு நான் போய்விட்டிருந்தேன். ஆபீஸ் வேலையாகப் போவதாக அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தேன். உனக்கு அதுகூடச் சொல்லவில்லை. உண்மையில் திரும்பி வருவதற்காகப் போகவில்லை.

அடித்தாரா என்றால், இல்லை. குடித்தாரா, அதுவும் இல்லை. உன் அண்ணனுக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். ஒருமுறை மழைக்காலம் தொடங்கும்போது நிறுத்திய பேச்சு, வெயில் காலத்தில்தான் திரும்ப வந்தது. நான் செய்த தப்பு என்ன என்று எனக்குத் தெரியாது. உப்பு கூடிவிட்டதோ, சட்டையைத் தேய்க்கவில்லையோ என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே இருப்பேன். கல்யாணம் ஆனதிலிருந்து இதேதான். ஒரு கட்டத்தில் எனக்கு அலுத்துவிட்டது. அழவோ சண்டை போடவோகூடத் தோன்றவில்லை. “நான் போறேன்” என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த ஊரில் ஓர் அறை எடுத்திருந்தேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அறைக்குள் யாரும் என்மேல் கோபமாக இல்லை. அங்கே குடியேறி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவர் குழிக்குள் விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. கொஞ்ச நாள் கூட இருந்து, ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் பஸ் ஏறினேன். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைப் பார்த்தார். ‘வந்துட்டியா’ என்று கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே விட்டுவிட்டோம். ஓடி வந்த என்னைப் பார்த்து எல்லோரும் பாவம் என்றார்கள். இப்போது உன் படத்தில் திரி என்றாய்.

ஒன்றே ஒன்றை இதுவரை அவரிடம் கேட்டதில்லை. நான் போன கவலையில் கால் தவறினாரா? இல்லை, வேண்டுமென்றே தவறவிட்டாரா? கேட்கப் பயமாக இருக்கிறது. அவருக்கு முதுகு துடைக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி தொண்டை வரை வந்து நிற்கும்.

நீ கேட்கிற மாதிரி வாசலில் நின்றால், அவர் சொன்ன பொய்க்கு நானே உயிர் கொடுத்ததாகிவிடும். படத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் பிறகு என் ஆயுசுக்கும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அந்தக் கிளையில் இன்னும் ஆள் பற்றாக்குறை. மாதாமாதம் கேட்கிறார்கள்.

உன்னிடம் உள்ள எந்த வகைப் படத்தில் இதை எடுப்பாய், சொல்.

அண்ணி

மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கத்திரியிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்ட மாட்டேன்.

சேனல்காரரிடம் வாசல் காட்சி கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றார். “அது நடக்கல சார்” என்றேன். “நடக்கலேன்னாதானேம்மா நடிக்கச் சொல்றோம்!” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் படுத்துக் கிடந்தேன்.

எந்த வகைப் படத்தில் எடுப்பாய் என்று கேட்டீர்கள், யோசித்துப் பார்த்தேன். வேறொன்று மட்டும் புரிந்தது. உங்கள் வீட்டில் நான் இத்தனை நாள் இருந்தும் அண்ணனை ஒருமுறைகூடத் திருப்பிப் படுக்கவைத்ததில்லை. எந்தப் பக்கம் நின்றால் வெளிச்சம் நன்றாக விழும் என்பது மட்டும் தெரியும்.

இருபதாம் தேதி வருகிறேன். கேமரா கத்திரியிடம் இருக்கும். ஒரு மாதம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அந்த ஊருக்குப் போங்கள். வேண்டாம் என்று எழுதாதீர்கள், டிக்கெட் எடுத்துவிட்டேன்.

வாலு

மே 11

வாலு,

நீ வந்து நிற்கிறவரை நம்ப மாட்டேன். ஆனாலும் அந்தக் கிளைக்கு எழுதிவிட்டேன்.

பலகையை முதலில் அவர் தொடைக்கு அடியில் சொருகு, அப்புறம்தான் நாற்காலிப் பக்கம். சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள். தூக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காதே, தோளைப் பார். முகத்தைப் பார்த்தால் பாவமாகத் தோன்றும், கை தளரும். குளியலறைக் கதவைக் கழற்றித் திரை போட்டிருக்கிறேன். நீ உள்ளே போகும்போது குரல் கொடுத்துவிட்டுப் போ.

அவரிடம், “ஒரு மாசம் போயிட்டு வரேன், வாலு வரா” என்றேன். போனைக் கீழே வைத்து ஒரு பார்வை பார்த்தார். திரும்ப எடுத்துக்கொண்டார்.

அண்ணி

ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். அண்ணன் தூங்குகிறார். எனக்குக் குறுக்கெலும்பு கழன்று விழுந்துவிடும்போல் இருக்கிறது.

கேமரா வழியாகப் பார்த்தபோது இந்த அறை பெரியதாக இருந்தது. இப்போது எங்கே திரும்பினாலும் கட்டில் இடிக்கிறது. நீங்கள் சொன்னபடியே செய்தும் முதல் நாள் பலகை நழுவியது. மாடி வீட்டுக்காரர் வந்து தூக்கிவிட்டு, “நீங்க படம் புடிக்கறவங்கதானே?” என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். ஆமாம் என்றேன். மூன்றாம் நாள் சிறுநீர்ப் பையைச் சரியாக மாட்டாமல் விட்டு, பாய், போர்வை, தரை எல்லாம் நாசம். துடைக்கத் துடைக்க அழுகை வந்தது. அண்ணன் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். நீங்கள் போனதிலிருந்து பேச்சில்லை. இதைத்தான் நீங்கள் எழுதியிருந்தீர்களா என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்குள்ளேயே நான் என்ன தப்புச் செய்தேன் என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

நேற்று மதியம் முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

“அண்ணா, அன்னிக்குக் காலைல அண்ணி வாசல்ல நின்னாங்கன்னு சொன்னியே?”

தாடையின் இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம் போனேன்.

“நிக்கலைன்னு எனக்குத் தெரியாதா?” என்றார்.

“அப்புறம் ஏன் சொன்ன?”

“நீ கேட்ட. நின்னிருந்தா எப்படி இருந்திருக்கும்னு தோணிச்சு. சொல்லிட்டேன்.”

சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவரே பேசினார்.

“அவ போனதுக்கும் நான் விழுந்ததுக்கும் சம்பந்தமில்ல. மேல் மாடிக் கதவு, லிப்ட் இல்லாமலே திறந்துக்கிச்சு. அந்தப் பூட்டு தேஞ்சு போயிருந்துச்சு, மாத்தணும்னு எழுதிக் குடுத்திருந்தோம். உள்ள இருட்டு. லிப்ட் இருக்குன்னு நெனச்சுக் கால் வெச்சேன். அவ்ளோதான்.”

“இதை அண்ணிகிட்ட சொல்லிருக்கலாமே?”

“அவ கேக்கல.”

“கேக்கணுமா? நீயா சொல்லக் கூடாதா?”

புறங்கையால் நுரையைத் துடைத்தபடி, “எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல. சொன்னா நல்லது, இனிமே எனக்கு இங்க என்ன வேலைன்னு கெளம்பிடுவாளோன்னு இருந்துச்சு” என்றார். பிறகு, “நீ எழுதிப் போடு” என்றார்.

எழுதிவிட்டேன். அண்ணி, ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். இதுவும் வாசலில் நீங்கள் நின்ற மாதிரிதானா, இல்லை நடந்ததா, எனக்குத் தெரியாது. பேசும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவர் சொன்னது இது, சொன்ன விதம் இது. அதற்கு மேல் நான் எதையும் சேர்க்கவில்லை.

வாலு

ஜூன் 14

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் பிரித்தேன். கவுன்டரில் வரிசை நின்றது. ஒரு பெண்மணி, “என்னங்க, கெட்ட செய்தியா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி அவள் பார்சலை எடை போட்டேன்.

நம்பினாயா என்று கேட்பாய். பாதி நம்பினேன். அவருக்கு வேலையில் கை சுத்தம், பொய்யாகப் பூட்டைக் குறை சொல்ல மாட்டார். மீதிப் பாதியை நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு நம்பினேன். எப்படியோ, தொண்டையில் நின்றுகொண்டிருந்தது இறங்கிவிட்டது. கேட்காமல் விட்டதற்கு எனக்கும் பங்கு உண்டு. பேசாமல் இருப்பதை அவரிடமிருந்து நானும் கற்றுக்கொண்டேன்போல.

அடுத்த வாரம் ஒரு மாதம் முடிகிறது. வாலு, நான் திரும்பி வரவில்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு அவர்மேல் வெறுப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பேன், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் கூட வருவேன். ஆனால் அந்த வீட்டுக்குள் மனைவியாகத் திரும்பி வர என்னால் ஆகாது. முதுகெலும்பு அடிபட்டவர்களுக்குத் தானே எழுந்து உட்காரவும் நாற்காலிக்கு மாறவும் கற்றுக்கொடுக்கும் இல்லம் ஒன்று இருப்பதாக டாக்டர் முன்பே சொன்னார். “எனக்கு வீட்ல ஆள் இருக்கு” என்று இவர் மறுத்துவிட்டார். இப்போது கேட்டுப் பார். நான் வர மாட்டேன் என்பதை இந்தமுறை அவரிடம் நானே போனில் சொல்கிறேன். அவர் பேசாவிட்டாலும், நான் பேசி முடிக்கிறவரை வைக்க மாட்டேன்.

படத்தை விட்டுவிடாதே. இங்கே வா, என் அறையில் இரண்டு நாற்காலி போடு. ஒன்றில் நீ உட்கார். என்னைக் கேள். திரி வேண்டாம், பல்லி வேண்டாம், நாடகம் வேண்டாம். உன் கேள்வியும் படத்தில் கேட்க வேண்டும். பதிலை மட்டும் வைத்தால் நானாக வலிய வந்து ஊருக்கு முன்னால் புலம்பியது மாதிரி இருக்கும். யார் கேட்டு நான் சொன்னேன் என்று தெரிய வேண்டும். உன் மூஞ்சியும் தெரியட்டும், அந்த அழகையும் நாலு பேர் பார்க்கட்டும்.

ஆனால் அவர் பார்த்துச் சரி சொல்லாமல் அதை வெளியே விடாதே.

அண்ணி

ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணிக்கு,

படம் முடிந்தது. சேனல்காரர் ஒதுங்கிக்கொண்டார். “ரெண்டு பொம்பளைங்க உக்காந்து பேசறதை யாரும்மா பாப்பாங்க?” என்றார். பரவாயில்லை. ஒரு சின்ன அரங்கில் காட்ட இடம் தருகிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் பேசிய பகுதியைக் கத்திரி வெட்டவே இல்லை. “எங்க வெட்டறதுன்னு தெரியல” என்று முழுசாகத் திருப்பித் தந்தார். என் கேள்விகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான் உளறுவதும், நீங்கள் “அதைக் கேக்கறதுக்கு முன்னாடி தண்ணி குடி” என்று அதட்டுவதும் இருக்கின்றன. பலகை நழுவியதையும் வைத்திருக்கிறோம். நீங்கள் கூப்பிடுகிறீர்கள், பதில் இல்லை. அது இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

அண்ணன் இல்லத்தில் ஒரு மாதிரி பொருந்திவிட்டார். முதல் வாரம் யாரோடும் பேச்சில்லை. அங்கே அந்த வேலை செல்லாது. பக்கத்துக் கட்டில்காரர் வாய் ஓயாதவர், இவருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்கிறார். அண்ணன் இப்போது தானே நாற்காலிக்கு மாறப் பழகுகிறார். போன ஞாயிறு நீங்கள் வந்துவிட்டுப் போன பிறகு இரண்டு முறை முயற்சி செய்து, இரண்டு முறையும் விழுந்தார். திங்கட்கிழமை மாறிவிட்டாராம். எனக்கு போன் செய்து, “மாறிட்டேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நேற்று மதியம் படத்தை எடுத்துப் போனேன். அவர் தொடைமேல் லேப்டாப்பை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். “நான் அந்த வீட்லயே இல்ல, போயிட்டேன்” என்று நீங்கள் சொல்லும் இடம் வந்திருக்கும் நேரத்தில் அவர் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் வரவில்லை. முடிந்ததும் கூப்பிட்டார். “அவ பேசற எடத்தை இன்னொருவாட்டி போடு” என்றார். போட்டேன். இந்தமுறை காதிலிருந்து கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் உங்கள் முகத்தை மட்டும் பார்த்தார்.

“வெளிய காட்டலாமாண்ணா?” என்று கேட்டேன்.

“அவ சரின்னாளா?”

“நீ சரின்னா சரின்னாங்க.”

லேப்டாப்பை அவரே மூடினார். என்னிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

“காட்டு” என்றார். பிறகு, “அந்த ஊரு தண்ணி அவளுக்கு ஒத்துக்கிச்சு போல. முகம் தேறியிருக்கு. அங்கயே இருக்கட்டும்” என்றார். போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வாலு